நான் இல்லாத கடையில் என் பெயர்

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. பார்மசி கவுன்சிலில் உன் பெயர் பதிவாகிச் சான்றிதழும் கைக்கு வந்துவிட்டது என்ற வரியைப் படித்ததும் அப்பா எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். சந்தோஷத்தை அவர் அப்படித்தான் காட்டுவார். மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி வேலை கிடைத்து அடுத்த மாதம் கோயம்புத்தூர் போகிறாய் என்பதும் நல்ல செய்திதான். ஆனால் கடிதத்தின் கடைசியில், ஞாபகம் வந்து சேர்த்த மாதிரி நான்கு வரி எழுதியிருந்தாய். மதுரையில் நீ பயிற்சி எடுத்த தெருவில் ஒருவர் புதிதாக மருந்துக்கடை வைக்கிறார். உரிமம் வாங்க ஒரு பார்மசிஸ்ட்டின் பெயர் வேண்டும். உன் சான்றிதழைத் தன் கடைச் சுவரில் மாட்டிக்கொள்ளக் கேட்கிறார். ‘ஊர் ஊராகச் சுற்றப்போகிற எனக்கு அது பெட்டிக்குள்தானே கிடக்கப்போகிறது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் அம்மா’ என்று கேட்டிருந்தாய். நான் நினைப்பதை ஒரு கார்டில் எழுதிவிடலாம். நடந்ததை எழுதுவதென்றால் இத்தனை தாள் வேண்டியிருக்கிறது. உன்னோடு படித்தவர்களுக்கும் இதைக் காட்டு. இதில் மறைத்து வைக்க இனி எதுவும் இல்லை.

சாத்தான்குளம் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர் படித்துத் தேறியதும், அங்கேயே மருந்து கொடுக்கும் ஜன்னலில் பல வருடம் நின்றதும் உனக்குத் தெரியும். அப்பாவுக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை கிடைத்துத் தூத்துக்குடிக்கு வந்தபோது அந்த வேலையை விட்டேன். என் பதிவுச் சான்றிதழ் கல்யாணப் புடவைக்கு அடியில் பெட்டிக்குள் போனது. ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பிக்க மட்டும் தவறவில்லை, ஏன் என்று கேட்டால் எனக்கே சரியாகத் தெரியாது. நீ அப்போது நாசரேத்தில் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தாய். அந்தச் சமயத்தில்தான் உன் பெரியப்பா, இரும்புக்கடையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, துறைமுகத்துக்குப் போகும் சாலையில் மருந்துக்கடை வைத்தார். இடம் பிடித்து, கண்ணாடி அலமாரி அடித்து, பெயர்ப்பலகையும் எழுதி முடித்த பிறகுதான் பார்மசிஸ்ட் இல்லாமல் உரிமம் கிடைக்காது என்று அவருக்குத் தெரிந்தது. அன்று மாலையே வீட்டுக்கு வந்தார்.

“எம்மா, ஒம் பேரு மட்டும் இருந்தாப் போதும். நீ கடைக்கு வரணும்னே இல்ல. சனிக்கெழம சனிக்கெழம ஒரு எட்டு வந்து புஸ்தகத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போ. நம்ம வீட்டு ஆளு இருக்கையில நான் எவன்ட்டயாவது போயி நிக்கணுமா?” என்றார்.

“அத்தான், மருந்து குடுக்கையில பார்மசிஸ்ட் பக்கத்துல நிக்கணும்னு சட்டம் இருக்கு” என்றேன்.

“இந்த ஊர்ல எத்தன கடையில நிக்காவன்னு நீ போயிப் பாரு” என்று சிரித்தார். அவர் சொன்னது உண்மைதான். அப்பா என்னைத் தனியாக அழைத்து, “ஏளா, அண்ணன் கேட்டு நாம ஒண்ண இல்லன்னு சொன்னதில்ல” என்றார். பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். நான் சரி என்று சொல்லித்தான் அது போனது.

இந்த விதிகளையெல்லாம் பரீட்சைக்காக நீ மனப்பாடம் செய்திருப்பாய். சட்டம் டெல்லியில் எழுதப்பட்டது, பதிவேட்டை மாநிலக் கவுன்சில் மெட்ராஸில் வைத்திருக்கிறது, கடைக்கு உரிமத்தை மாநில அரசு கொடுக்கிறது. டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கும் மருந்துகளைப் பதிவு பெற்ற பார்மசிஸ்ட்டின் நேர் மேற்பார்வையில் கொடுக்க வேண்டும், அவர் அதற்கான புத்தகத்தில் கையெழுத்திட வேண்டும், டாக்டர் மறுபடி கொடுக்கலாம் என்று எழுதாத சீட்டுக்கு இரண்டாம் முறை கொடுக்கக் கூடாது, கொடுத்த சீட்டில் கடை முத்திரையும் தேதியும் வைக்க வேண்டும். நானும் இதையெல்லாம் படித்துத் தேறியவள்தான். ஆனாலும் சனிக்கிழமைகளில் கடைக்குப் போய், நான் பார்க்காத சீட்டுகளுக்கு, நான் பார்க்காத ஆட்களுக்கு, நான் கொடுக்காத மருந்துகளுக்கு எதிரே வரிசையாகக் கையெழுத்துப் போட்டேன். முதல் வாரம் கை கொஞ்சம் தயங்கியது. மூன்றாம் வாரத்திலிருந்து, பெரியப்பா வாங்கித் தந்த காப்பியைக் குடித்துக்கொண்டே போட்டேன். சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில், என் பெயர் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. பார்க்கப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தோணிப்பிச்சை என்று ஒருவர். கடற்கரைத் தெருக்காரர், சொந்த ஊர் புன்னைக்காயல். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிக்கு இறங்கியவர். அது நின்றுபோன பிறகு சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். இருமலும் சாயங்காலக் காய்ச்சலும் விடவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். நெஞ்சில் காசம் என்று கண்டுபிடித்து, டாக்டர் மாத்திரைகளோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் எழுதினார். ஒரு மாதத்துக்கு ஊசி, முடிந்ததும் கட்டாயம் வந்து காட்ட வேண்டும் என்று சீட்டிலேயே இருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து இருப்பு இல்லாததால் வெளியே வாங்கச் சொன்னார்கள். அவர் நம் பெரியப்பா கடைக்கு வந்தார். பெரியப்பாவுக்கு ஊசி போடவும் ஒருவாறு பழகியிருந்தது. மருந்தைக் கொடுத்து, கடைக்குப் பின்னால் உட்காரவைத்து, அவரே போட்டும் விட்டார். நல்ல மனதோடுதான் செய்தார். வரிசையில் கால் கடுக்க நிற்கிற ஏழைக்கு உதவி என்றுதான் நினைத்தார்.

ஒரு மாதத்தில் இருமல் நின்றது. அந்தோணிப்பிச்சைக்கு உடம்பு தேறியது. தேறியவர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகவில்லை, கடைக்குத்தான் வந்தார். “அண்ணாச்சி, இந்த ஊசி எனக்கு நல்லா பிடிச்சிருக்கு. இன்னுங் கொஞ்ச நாள் போட்டா வேரோட போயிருமுல்லா?” என்று கேட்டாராம். பெரியப்பா அதே சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அதே மருந்தைக் கொடுத்தார். சீட்டில் முத்திரை எதுவும் இல்லை. இரண்டாம் மாதம் முடிந்து மூன்றாம் மாதமும் ஓடியது. நடுவில் ஒரு நாள் அவர், “காதுல ஒரே இரைச்சலா இருக்கு அண்ணாச்சி, எந்திச்சா லேசா ஆட்டுது” என்றார். “கடலுக்குள்ள போற ஆளுக்குக் காது இரையத்தானய்யா செய்யும்” என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். இதைப் பின்னால் பெரியப்பாவே என்னிடம் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. இரும்புக்கடையிலிருந்து வந்த மனிதருக்கு அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் தெரிய வழியில்லை. உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இந்த ஊசி போட்டுக்கொள்கிற ஆள் காது இரைகிறது, தலை சுற்றுகிறது என்று சொன்னால் ஊசியை அங்கேயே நிறுத்தி டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் வருடமே சொல்லிக் கொடுத்தார்கள். சட்டம் என்னை அந்த மேஜைக்குப் பின்னால் நிற்கச் சொன்னது அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்காகத்தான். அந்த நேரத்தில் நான் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்திருப்பேன். அந்த வாரத்துச் சனிக்கிழமையும் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

சங்கு சீசன் தொடங்கியதும் அவர் கடலுக்குப் போனார். முதல் நாளே, அடியில் போய்ச் சங்கை எடுத்த கையோடு, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போய்விட்டது. காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பை அந்த மருந்து கெடுத்திருந்தது. தரையில் நிற்கிறவனுக்குக் கண்ணும் காலும் துணை செய்யும், தண்ணீருக்குள் அந்தத் துணை கிடையாது. மேலே வருவதாக நினைத்து மணலில் போய் முட்டியிருக்கிறார். வாயிலிருந்து கொஞ்சம் காற்றை விட்டு, குமிழி போன திசையைப் பார்த்து ஏறியிருக்கிறார். படகில் தூக்கிப் போட்டபோது நினைவு இல்லை. ஆஸ்பத்திரியில் அதே டாக்டர் பார்த்தார். எத்தனை ஊசி போட்டாய் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் மருந்து ஆய்வாளருக்குப் புகார் எழுதினார்.

ஆய்வாளர் ஒரு நாள் முற்பகலில் கடைக்கு வந்தார். பார்மசிஸ்ட் எங்கே என்று கேட்டிருக்கிறார். சாப்பிடப் போயிருக்கிறார் என்று பெரியப்பா சொல்ல, வரட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சைக்கிள் ரிக்‌ஷா அனுப்பி என்னைக் கூட்டிப்போனார்கள். கடை வாசலில் வைத்தே பெரியப்பா, “டாக்டரு ஒவ்வொரு மாசமும் புதுச் சீட்டு குடுத்தாருன்னு சொல்லிரு. சீட்ட அவன்ட்டயே திருப்பிக் குடுத்துட்டோம்னு சொல்லு. நாலு புள்ளயள வச்சிருக்கேன், எம்மா” என்று காதில் சொன்னார். அவர் முகத்தில் அதுவரை நான் பார்க்காத பயம் இருந்தது. ஆய்வாளர் மரியாதையாகத்தான் கேட்டார். கடைக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்றார். ஒன்பது மணிக்கு என்றேன். இந்த நோயாளிக்கு மூன்று மாதமும் நீங்கள்தான் மருந்து கொடுத்தீர்களா என்றார். ஆமாம் என்றேன். ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு இருந்ததா என்றார். இருந்தது என்றேன். எழுதி வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். வாரா வாரம் பழகிய கை, தடுமாறவே இல்லை. பெரியப்பாவைக் காப்பாற்றப் பொய் சொன்னேன் என்று வெகு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் என் பதிவும் போயிருக்கும். நான் என்னையும் சேர்த்துத்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அந்தோணிப்பிச்சையின் மனைவி செசிலி நம் வீட்டைத் தேடி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து, கதவைப் பாதி திறந்து பிடித்தபடி நின்றேன். அவர் சண்டை போடவில்லை. முந்தானையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். டாக்டர் முதலில் எழுதிய அதே சீட்டு.

“எங்ககிட்ட இது ஒண்ணுதாம்மா இருக்கு. மாசா மாசம் புதுச் சீட்டு வாங்கினதா நீங்க எழுதிக் குடுத்திருக்கியளாம். மத்த சீட்டெல்லாம் எங்கன்னு ஆபீசர் கேக்காரு. எங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெட்டி, பாய், அரிசிப் பான எல்லாம் தேடிட்டோம். வீட்டுல இவிய நான் தொலச்சிட்டேன்னு என்னய ஏசுதாவ. அது எந்தக் கலர்ல இருந்திச்சும்மா? ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

இதை நான் அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை. என்னை அவர் சந்தேகப்படவே இல்லை. படித்தவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்பதால் தங்கள் ஞாபகத்தைத்தான் சந்தேகப்பட்டார்கள். இல்லாத சீட்டைப் பத்து நாளாகப் புருஷனும் பெண்சாதியும் வீடு முழுக்கத் தேடியிருக்கிறார்கள். “உள்ள வாங்க” என்றேன். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பிறகு, “வேற சீட்டு கெடையாது. நான் கடையிலயும் இல்ல. நான் எழுதிக் குடுத்தது பொய்” என்றேன். செசிலி, “அப்பம் நான் தொலைக்கலயா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து போனார்.

அன்று அப்பா அலுவலகத்திலிருந்து வந்ததும் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, “அண்ணனுக்கு யார் சொல்லுதது?” என்றார். நானே போய்ச் சொன்னேன். பெரியப்பா கத்தவில்லை. “அப்ப நாங்க தெருவுல நிக்கலாம், அப்படித்தான?” என்றார். மறுநாள் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போய் ஆய்வாளரைப் பார்த்தேன். முழுதும் கேட்டுவிட்டு அவர், “இதை எழுத்துல கொடுத்தீங்கன்னா உங்க பேரும் பதிவேட்டுலேர்ந்து போயிடும்மா. யோசிச்சிட்டீங்களா?” என்றார். போகட்டும் என்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. ஒரு தாள் வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

கடை உரிமம் ரத்தானது. பெரியப்பா மேல் வழக்கு நடந்து அபராதம் விதித்தார்கள். கவுன்சில் என்னை விசாரணைக்கு மெட்ராஸ் அழைத்தது. நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் பெரியவர்கள் சிலர் இருந்தார்கள். ஒருவர், கொஞ்சம் கோபமாகவே, “நீங்களாகத்தானே வந்து உண்மையைச் சொன்னீர்கள், அப்படியிருக்க முதலில் ஏன் பொய் சொன்னீர்கள்?” என்று கேட்டார். பயத்தில் என்றேன். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். இரண்டு வருடத்துக்கு என் பெயரை நீக்கினார்கள். பூட்டிய கடைச் சுவரிலிருந்து சான்றிதழை எடுத்துச் சட்டத்தைப் பிரித்து, பதிவுத் தபாலில் கவுன்சிலுக்குத் திருப்பி அனுப்பினேன். தபால் அலுவலகத்தில் உள்ளே என்ன என்று கேட்டார்கள். காகிதம் என்றேன்.

பெரியப்பா குடும்பத்தோடு சாத்தான்குளம் பக்கம் போய்விட்டதும், நம் வீட்டு நல்லது கெட்டதுக்கு அவர்கள் வராததும் உனக்குத் தெரியும். சொத்துத் தகராறு என்று உனக்குச் சொல்லி வைத்தோம். அதுவும் பொய்தான், அதை இன்றோடு திருத்திக்கொள். அந்தோணிப்பிச்சைக்கு ஒரு காது பாதிதான் கேட்கிறது. சமநிலை ஓரளவு திரும்பியது என்றாலும் இருட்டில் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார். கடலுக்கு அதன் பிறகு இறங்கவில்லை, குடோனில் சங்கு தரம் பிரிக்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். “படிச்சவுக கடை, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சோம்மா” என்றார். மன்னித்தேன் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. நானும் அதைத் திரும்பக் கேட்கவில்லை. இரண்டு வருடம் முடிந்ததும் விண்ணப்பித்துப் பதிவைத் திரும்பப் பெற்றேன். இப்போது வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில், சேரும் முன்பே இதையெல்லாம் சொன்னேன். சேர்த்துக்கொண்டார்கள்.

மதுரைக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். நீ என் வயிற்றில் பிறந்தவன் என்பதற்காக நான் சொல்கிறபடி செய்யாதே. அவர் கெட்டவராக இருக்க மாட்டார், பெரியப்பாவும் கெட்டவர் இல்லை. மற்றக் கடைகளிலும் இப்படித்தான் நடக்கிறது என்பார், அதுவும் உண்மையாக இருக்கும். ஒன்றை மட்டும் யோசித்துப் பார். உன் சான்றிதழைப் பார்த்து நம்பி ஒரு நோயாளி அங்கே வாய் திறந்து ஏதோ சொல்லுவார். அதைக் கேட்க வேண்டிய ஆள் கோயம்புத்தூரில் இருப்பான்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் என் ஜன்னலுக்கு முன்னால் வரிசை நீளமாக இருந்தது. சீட்டை வாங்கிப் படித்துவிட்டு நிமிர்ந்தால் பெரியப்பா நிற்கிறார். மெலிந்து போயிருந்தார். இரத்த அழுத்தத்துக்கு டாக்டர் மாத்திரை எழுதியிருந்தார். ஆறு வருடத்தில் நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் மாத்திரையை எடுத்து, காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு என்று சொல்லி, சீட்டில் முத்திரை வைத்துத் தேதி எழுதினேன். அவர் வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார்.

“எத்தன நாளைக்கும்மா?” என்றார்.

“பதினஞ்சு நாளைக்கு, அத்தான். தல சுத்துனா அதுக்கு முந்தியே வந்து டாக்டரப் பாத்துருங்க.”

“பதினஞ்சு நாள் கழிச்சு இதே சீட்டக் கொண்டாந்தா?”

“தரமாட்டேன்.”

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. தலையை மெல்ல ஆட்டிவிட்டு, சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். பதினைந்தாம் நாள் டாக்டரைப் பார்த்துவிட்டுப் புதுச் சீட்டோடு வந்து, மற்ற ஜன்னலில் கூட்டமில்லாதிருந்தும், என் வரிசையில் நின்றார்.

அம்மா